முறைச் சோறும் மெத்தென்ற வயிறும்

பெரம்பலூரில் இப்போது வயதானவர் ஒருவர் வயிற்று வலி என்று போய் நின்றால், சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிடுகிறார்கள். சமீபத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாகப் போயிருந்தேன். அங்கிருந்த இளம் டாக்டர் நல்ல பெண். நான் ஓய்வுபெற்ற மயக்க மருந்து டாக்டர் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டாள்.

"ஸ்கேன் இல்லாத காலத்துல எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? வயசானவங்க வயிறு வெளியில ஒண்ணுமே காட்டாதே" என்று கேட்டாள்.

"சந்தேகப்பட்டோம்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் கையில் இருந்த ஸ்கேன் அறிக்கையைக்கூட நான் நம்பவில்லை. அதில் எழுதியிருப்பது பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் அவசரத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் டாக்டருக்குப் படித்தேன். பிறகு சென்னையில் மயக்க மருந்துக்கென்று தனியாகப் படித்துவிட்டு எழுபதுகளில் பெரம்பலூருக்கு வந்தேன், அப்புறம் அரியலூர். அப்போது இரண்டும் திருச்சி மாவட்டம். வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளைப் பற்றி இதற்குமேல் அடையாளம் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

மயக்க மருந்து கொடுப்பவள் யார் பேச்சையும் நம்பக் கூடாது என்பதைப் பெரம்பலூரில்தான் கற்றுக்கொண்டேன். மயக்கம் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஆள் பிழைப்பது கஷ்டம். எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், நல்ல வயதானவர், குடலிறக்கம் சிக்கிக்கொண்டு உள்ளே போகாமல் வந்து சேர்ந்தார். உடனே அறுக்க வேண்டும். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"பச்சைத் தண்ணி பல்லுல படல தாயி" என்றார்.

மகளும் அதையே சொன்னாள். மருமகனும் அதையே சொன்னார். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் தலைமாட்டில் குனிந்து, ஊர்க்கதை பேசுகிற மாதிரி, "தொட்டுக்க என்ன?" என்றேன்.

"கத்திரிக்கா" என்றார்.

மகள் முகத்தில் ஈயாடவில்லை. "ஆளையே அறுக்கப் போறீங்க. வெறும் வயித்தோட எப்படிங்க அனுப்பறது? ரெண்டு வாய்தான் ஊட்டுனேன்" என்று அழுதாள். அவள் கெட்ட எண்ணத்தில் பொய் சொல்லவில்லை. அப்பா மேல் இருந்த பிரியத்தில் சொன்னாள். அவருக்கு வாய் வழியாகத் தடித்த குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்துவிட்டுத்தான் மயக்கம் கொடுத்தேன். ரெண்டு வாய் அல்ல, ஒரு தட்டுச் சோறு வெளியே வந்தது. அதற்கப்புறம் நான் யாரிடமும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதே இல்லை. தொட்டுக்கொள்ள என்ன என்றுதான் கேட்பேன்.

அரியலூரில் அறுவைச் சிகிச்சை செய்த பெரிய டாக்டர் சபாபதி, சந்தேகத்தில் எனக்கு அண்ணன். வீட்டிலிருந்து பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார். திருகு மூடி போட்ட கூஜா. அதை வேறு யாரும் தொடக் கூடாது. ஆஸ்பத்திரி டீயை வாயில் வைக்கமாட்டார். எவ்வளவு பெரிய பண்ணை வீட்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போனாலும் ஒரு வாய் மோர் வாங்கிக் குடித்தது கிடையாது. "எந்தக் கெணத்துத் தண்ணியோ, எந்தக் கையி கலக்குனதோ, யாரு கண்டா?" என்பார்.

என்னையும் அவர் நம்பவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரை நான் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அவரும் வந்து ஒரு தடவை திறந்து பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "கத்தி கொதிச்ச தண்ணி நெஜமாவே கொதிச்சுதா சார்?" என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "கேளுங்கம்மா. தெனமும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற முறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நின்றுகொண்டு பார்க்கமாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் மட்டத்துக்கு உட்காருவார். கையை வேட்டியில் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வார். பேண்ட் போட்டுக்கொண்டு வருகிற டாக்டர்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் வேட்டி. உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்துவிட்டு அழுத்தாமல் அப்படியே இருப்பார். மழை உண்டா, நடவு முடிந்ததா என்று பேசுவார். கண் மட்டும் நோயாளியின் முகத்தைவிட்டு நகராது. பேச்சு மும்முரத்தில் இருக்கும்போது விரல் நுனி மெல்ல உள்ளே போகும். முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு தெரிந்தால் அங்கேயே நின்றுவிடும்.

"சின்ன வயசு வயிறு கத்தும். கட்டையாட்டம் வெறைச்சுக்கும். காய்ச்சல் அடிக்கும். வயசான வயிறு அப்படி இல்லம்மா. உள்ள சீழ் கட்டி நிக்கும், மேல பஞ்சாட்டம் கெடக்கும்" என்பார்.

வயதான பெண்களுக்கு இன்னொரு தொல்லை. வயிறு உப்பி, வாந்தி எடுத்து வந்த ஒரு பாட்டி, புடவைக்கு மேலேதான் தொட்டுப்பார்க்க விட்டார். சபாபதி வெளியே போய்விட்டு என்னை அனுப்பினார். தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. குடல் அங்கே மாட்டியிருந்தது. நாள் கணக்காக அது அந்தம்மாவுக்குத் தெரியும். ஆம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒவ்வொருவரும் எதையாவது ஒளித்துக்கொண்டுதான் வந்தார்கள், அதைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு.

ஆனால் தா.பழூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோவிந்தசாமி விஷயத்தில், ஒரு குடும்பமே ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தது.

கோவிந்தசாமிக்கு நெல் வயல் இருந்தது. மனைவி போனபிறகு, தன் பேரில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். பெரியவன் ராமலிங்கம், சின்னவன் சேகர். அப்பாவுக்குச் சோறு போடுவது முறை வைத்து. ஒரு மாதம் பெரியவன் வீடு, ஒரு மாதம் சின்னவன் வீடு. இந்தப் பக்கத்தில் அது சகஜம். பெரியவன் வீட்டு முறையில் பெரியவர் நன்றாக இருந்தார். சின்னவன் வீட்டுக்குப் போனால் வயிறு எரிகிறது என்பார். இது கொஞ்ச காலமாக நடந்திருக்கிறது. சேகரின் மனைவி தனம், மாமனாரின் சோற்றில் 'மருந்து' வைக்கிறாள் என்று ராமலிங்கம் முடிவு கட்டிவிட்டான். ஒருவரை வசப்படுத்தவோ நோகடிக்கவோ சாப்பாட்டில் எதையோ மந்திரித்துக் கலந்து கொடுப்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மிச்ச நிலத்தையும் சேகர் பேருக்கு எழுதி வாங்கப் பார்க்கிறாள் என்பது அவன் கட்சி.

ஒரு மத்தியான வேளையில் வாடகைக் காரில் பெரியவரைக் கொண்டுவந்தார்கள். ராமலிங்கம் வழியில் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கிச் சொல்லிவிட்டு வந்திருந்தான். பின்னாலேயே ஓர் ஏட்டு சைக்கிளில் வந்து நின்றார். பெரியவர் காரிலிருந்து தானே இறங்கி நடந்து வந்தார். அதைப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

பூச்சி மருந்து குடித்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. ஸ்டேஷன் ஆள், வாந்தி, வயிற்று வலி என்றதும் கம்பவுண்டர் வயிறு கழுவுகிற ரப்பர் குழாயையும் புனலையும் எடுத்து வைத்துவிட்டார். வாய் வழியாகக் குழாயை விட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வெளியே எடுப்பது. ராமலிங்கத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"போன வாரம் மருந்து எடுக்கற ஒருத்தர்கிட்ட கூட்டிப் போயி வாந்தி எடுக்க வச்சோங்கய்யா. மருந்து முழுசா வெளிய வரல. நீங்க கழுவுனீங்கன்னா வந்துரும். ஏட்டு அய்யா பாக்கவே எடுத்துக் காட்டிருங்க."

சபாபதி குழாயைத் தள்ளி வைத்தார். பெரியவரின் வாயருகே குனிந்து மோந்தார். கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார்.

"பூச்சி மருந்து குடிச்சிருந்தா வார்டே நாறும். கண்ணு பாப்பா கடுகாட்டம் சுருங்கியிருக்கும். இது அது இல்ல" என்றார்.

"நான் அந்த மருந்தச் சொல்லலீங்கய்யா. இது வச்ச மருந்து."

"எல்லாரும் வெளிய இருங்க" என்றார் சபாபதி.

முக்காலியை இழுத்துப் போட்டார். கையைச் சூடு பண்ணிக்கொண்டார். வயிறு மெத்தென்று இருந்தது. எங்கே அமுக்கினாலும் பெரியவர், "எரியுதுங்க, அவ்ளோதான்" என்றார். காய்ச்சல் இல்லை. ஆனால் நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, நாக்கு வறண்டிருந்தது, விக்கல் விட்டுவிட்டு வந்தது. வேறு எங்காவது வலி உண்டா என்று கேட்டார்.

"வலது தோளு வலிக்குதுங்க. காலையிலேர்ந்து. சேகரு எண்ணெ போட்டு நீவிக்கூட விட்டான்."

சபாபதி என்னை ஒரு பார்வை பார்த்தார். வயிற்றுக்குள் ஓட்டை விழுந்து காற்றும் நீரும் மேலே போய் உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோளில் தெரியும். வலது விலாவின் மேல் விரலை வைத்துத் தட்டினார். அங்கே கல்லீரல் இருக்கிறது. பலகையைத் தட்டின மாதிரி மொத்தென்று கேட்க வேண்டும். கோவிந்தசாமிக்கு வெறுங்குடத்தைத் தட்டின மாதிரி கேட்டது, கல்லீரலுக்கு மேல் காற்று நிற்கிற மாதிரி. மறுபடியும் தட்டினார். என்னையும் தட்டச் சொன்னார்.

இரைப்பையில் ஓட்டை இருந்தால், குழாய் விட்டு ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்த ஓட்டை வழியாக வயிற்றுக்குள் பரவும். அத்தோடு ஆள் முடிந்தார். ஓட்டை இல்லையென்றால், இந்த வயதில் காரணமில்லாமல் வயிற்றைக் கிழித்தோம் என்று ஆகும். ஓட்டை விழுந்த வயிறு கல் மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் புத்தகம் எல்லாம் சொல்கிறது. இந்த வயிறோ பஞ்சு மாதிரி இருந்தது. எக்ஸ்ரே மெஷின் பழுதாகிக் கிடந்தது. திருச்சிக்கு அனுப்பினால் போய்ச் சேருவாரா என்று தெரியாது. சபாபதி முக்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எதோ இடிக்குதும்மா. இந்த வயிறு ஏன் இவ்ளோ சாதுவா இருக்கு?" என்றார்.

நான் குளுக்கோஸ் ஏற்றுவதற்காக நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். பெரியவரின் முன்கையில் ரப்பரைக் கட்டியதுமே அந்த இடத்தில் ரத்தம் கன்றிப் படர்ந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. கையெல்லாம் ஊதா நிறத் திட்டுகள். அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். காலும் கையும் குச்சியாக இருக்க, முகம் மட்டும் உப்பிச் சதை போட்டிருந்தது. வயலில் உழைத்து வற்றின உடம்புக்கு அந்த முகம் ஒட்டவில்லை.

"ஏதாவது மாத்திரை சாப்புடறாரா?" என்று வராந்தாவில் போய்க் கேட்டேன். ராமலிங்கம் இல்லை என்றான். சேகர் தெரியாது என்றான். பெரியவரிடம் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், பை வைத்துத் தைத்தது. துணி மாற்றுவதற்காக அதை அவிழ்க்கப் போனதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இத மட்டும் விட்ருங்க தாயி."

பணமாக இருக்கும் என்று கம்பவுண்டர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எறையூர்க்காரர் ஞாபகம் வந்தது. பெல்ட்டை விட்டுவிட்டு, போர்வையைச் சரிபண்ணுகிற சாக்கில் குனிந்து கேட்டேன்.

"மாத்திரைய வெந்நீர்ல முழுங்குவீங்களா, பச்சைத் தண்ணியிலயா?"

"டீயிலதான். அவ வூட்டுத் தண்ணிய யாரு குடிப்பா?" என்றார். சொன்னபிறகுதான் என்னிடம் மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. பெல்ட்டைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. மாத்திரையை நிறுத்திவிடுவோமோ என்று பயந்துதான் ஒளித்திருக்கிறார்.

பையில் காகிதத்தில் மடித்த வெள்ளை மாத்திரைகள் இருந்தன. இரண்டு தினுசு. ஒன்று மூட்டுவலி மாத்திரை. இன்னொன்று கார்ட்டிசோன் வகை. கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் காட்டினேன்.

"அதுவா? அது நான் வாங்கிக் குடுத்ததுங்க. முட்டி வலிக்கு. மருந்துக்கடையில சொல்லி மாசாமாசம் வாங்கறேன். அதப் போயி மாத்திரைன்னு கேட்டா எப்படி? சத்துக்குத்தானே அது. எங்க முறையில அப்பா எப்படித் தேறிட்டாரு, மொகத்தப் பாருங்க" என்றான் ராமலிங்கம். அவன் குரலில் பெருமை இருந்தது.

கார்ட்டிசோன் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், பசி எடுக்கும், முட்டி வலி மறையும். தோல் மெலியும். வயிற்றுக்குள் ஓட்டையே விழுந்தாலும் உடம்பு அதற்குக் கத்தாது, வயிறு மெத்தென்றே கிடக்கும். இன்னொன்றும் உண்டு. அந்த மாத்திரைக்குப் பழகின உடம்பை அறுத்தால், பாதி ஆபரேஷனில் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடுவார். அதற்கு முன்கூட்டியே அதே மருந்தை ஊசியாகப் போட வேண்டும். எனக்கு வேண்டியிருந்த செய்தி அதுதான். அந்த பெல்ட்டைப் பணம் என்று நம்பி விட்டிருந்தால், பெரியவரை நானே மேஜையில் கொன்றிருப்பேன்.

ஆனால் பெரியவன் வீட்டில் வலிக்காதது சின்னவன் வீட்டில் ஏன் எரிகிறது? எனக்கு அது இன்னும் உறுத்தியது. தனம் வராந்தாக் கோடியில் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒல்லியான பெண், முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். ஆளைப் பார்த்து நல்லவள் என்று முடிவு செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"நேத்து என்ன சமைச்ச? அவரு எவ்ளோ சாப்ட்டாரு?"

"எங்க சாப்புட்டாரு? எங்கூட்டு முறை வந்தா மாமா சாப்புடவே மாட்டாருங்க டாக்டரம்மா. மொத உருண்டைய நாய்க்கு வைப்பாரு. அது தின்னுட்டு என்ன ஆவுதுன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. சோறு ஆறிப்போவும். அப்புறம் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுருவாரு. தெருவே பாக்கும்." அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்ட குரலில் பேசினாள். "நாய்க்கு ஒண்ணும் ஆவலன்னு ஒருநாளும் அவரு சொன்னதில்ல."

அப்போது எனக்கு விளங்கியது. பெரியவன் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவார். சின்னவன் வீட்டில் பயந்துகொண்டு பட்டினி கிடந்து, வெறும் வயிற்றில் கடை டீயோடு போடுவார். வயிறு புண்ணாகி எரியும். எரிந்தால் மருந்து வைத்துவிட்டாள் என்று பயம் இன்னும் கூடும். சோறு இன்னும் குறையும். உள்ளே போய்ச் சபாபதியிடம் சொன்னேன். தனம் சொன்னதை அப்படியே நம்பிவிட்டீர்களா என்று கேட்டார். நாய்க் கதையைச் சேகரிடம் தனியாகவும், காரோட்டி வந்த உள்ளூர்க்காரரிடம் தனியாகவும் கேட்டார். மூன்றும் ஒத்துப்போயின. "திறக்கலாம்" என்றார்.

கையெழுத்து வேண்டும். ராமலிங்கம் போடமாட்டேன் என்றான். முதலில் ஏட்டு தனத்தின் பேரைப் புகாரில் எழுதட்டும், அப்புறம் போடுகிறேன் என்றான். சேகர் பேனாவை வாங்கினான். "போடுடா. அப்பா செத்தா கொன்னது நீயின்னு நானே சாட்சி சொல்றேன்" என்றான் அண்ணன். சேகரின் கை நின்றுவிட்டது. சபாபதி பேனாவை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

"வயிறு உங்க ரெண்டு பேருதும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெரியவரிடம் அதுவரை யாருமே கேட்கவில்லை. சபாபதி முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கோவிந்தசாமி கவனமாகக் கேட்டார்.

"வயித்துல இருக்கற மருந்த எடுத்துருவீங்களா?"

"இருந்தா எடுக்கறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுவேன். உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

பெரியவர் கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினார்.

ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருந்த ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிதான் கைவசம் இருந்தது. முதல் ஊசியைப் போட்டுவிட்டு ஈதர் மயக்கம் கொடுத்தேன். வயிற்றைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. பச்சையும் மஞ்சளுமாக நீர் தேங்கியிருந்தது. இரைப்பை முடிந்து குடல் தொடங்குகிற இடத்தில், முன்பக்கம், பச்சைப்பயறு அளவுக்கு ஓட்டை. சபாபதி அதை மூடித் தைத்து, மேலே பக்கத்துக் கொழுப்புத் திரையை இழுத்து ஒட்டுப்போட்டார். இடையில் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது. இரண்டாவது ஊசியைப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நின்றது. சபாபதி வயிற்றைக் கழுவிச் சுத்தம் பண்ணினார். மூடலாமே என்று நான் நினைத்தபோது மறுபடி கையை உள்ளே விட்டு ஒவ்வோர் இடுக்கிலும் தடவினார்.

"என்ன சார் தேடறீங்க?"

"சொல்லியிருக்கேன்ல. தேடாம இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

வெளியே வந்து ஏட்டிடம், "பழைய புண்ணு, ஓட்டையாயிருக்கு. விஷமும் இல்ல, வச்ச மருந்தும் இல்ல. முழுக்கப் பாத்துட்டேன்" என்றார். புண் எப்படி வந்தது என்று ராமலிங்கம் கேட்டான். சபாபதி மாத்திரைக் காகிதத்தை அவன் கையில் கொடுத்து, வெறும் வயிறு என்பதையும் சேர்த்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். ராமலிங்கம் காகிதத்தைப் பார்த்தான், தனத்தைப் பார்த்தான். ஏட்டின் பக்கம் திரும்பி, "டாக்டருங்களுக்கும் வச்சுட்டா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. தெருவில் அவன் அந்தக் காகிதத்தைக் கசக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது பாவமாகவும் இருந்தது. அப்பாவுக்கு ஆசையாக வாங்கிக்கொடுத்தது அது. பெரியவர் கண்விழித்து, அண்ணன் தம்பி சண்டையையும் மாத்திரை விவரத்தையும் சேகர் வாயிலாகக் கேட்டுக்கொண்டார்.

பெரியவர் பிழைத்துவிட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கஞ்சி குடிக்கலாம் என்று சொன்ன அன்றைக்குத்தான் அடுத்த தொல்லை. ராமலிங்கம் வீட்டிலிருந்து யாரும் எட்டிப்பார்க்கவில்லை. தனம்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அடுத்த வேளையும் அப்படியே. கார்ட்டிசோன் தின்ற உடம்பில் தையல் ஒட்டுவதே அரிது. சாப்பாடும் இறங்காவிட்டால் காயம் பிரிந்துகொள்ளும். பிரிந்தால் மறுபடி தைக்கிற தெம்பு அந்த உடம்பில் இல்லை. கடையில் ஏதாவது வாங்கித் தாருங்கள் என்றார் பெரியவர். கடைச் சாப்பாட்டைச் சபாபதி வார்டுக்குள் விடமாட்டார்.

சபாபதியைக் கூட்டிவந்தேன். தனம் டம்ளரோடு நின்றிருந்தாள். சபாபதி டம்ளரையும் பார்த்தார், பெரியவரையும் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்து அதை வாங்கி, அண்ணாந்து பாதியைக் குடித்தார். என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர் அவர்.

"நான் குடிச்சுட்டேன். குடிங்க" என்றார்.

கோவிந்தசாமி மாட்டேன் என்று தலையாட்டினார். "உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. மருந்து பேரு சொல்லி வைக்கறது. என் பேரச் சொல்லி வச்சது உங்கள என்ன பண்ணும்?"

சபாபதி டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனார். தனம் பாத்திரத்திலிருந்து டம்ளரை மறுபடி நிரப்பினாள்.

"மாமா. மூத்தாரு குடுத்த மாத்திரைய இத்தன மாசமா முழுங்குனீங்களே. அத ஒருநாளாவது நாய்க்கு வச்சுப் பாத்தீங்களா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது. கோவிந்தசாமி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கி, உப்பின கன்னத்தில் வழிந்தது. பிறகு டம்ளருக்குக் கையை நீட்டினார். தனம் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பு கம்மி."

"டாக்டரம்மா கொறச்சுப் போடச் சொன்னாங்க" என்றாள் அவள். இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள். நான் கூடாத எதையோ செய்துவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

சொல்லலாம் என்று வராந்தாவுக்குப் போனேன். சபாபதி கோடியில் குனிந்து நின்று, கூஜாத் தண்ணீரை ஊற்றி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"குடிச்சுட்டாரு சார்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா, அந்தப் பொண்ணு சொல்லுச்சா?"

"நான் பக்கத்துலதான் சார் நின்னேன்."

அவருக்கு அது போதவில்லை. கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டே வார்டுக்குள் நடந்தார். டம்ளரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, முட்டி போட்டு, கோவிந்தசாமியின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது.